சின்னம்மை ஊசி: போடலாமா, விடலாமா?

குடும்ப நல மடல்



மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக் கோயிலால் வரலாற்று நூல்களில் இடம்பெற்ற ஊர் மண்டகப்பட்டு. விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட அவ்வூர்ப் பகுதியிலிருந்து ஒரு தாய் நமக்கு மடல் எழுதியிருக்கின்றார். அவருடைய ஐயம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. வெயில் ஏறத் தொடங்கும் மாதங்களில் நம் குடும்பங்கள் பலவற்றிலும் எழும் ஐயமே அது. ஆதலால் அதன் சுருக்கத்தை முதலில் தருகின்றோம்.

“எனக்கு இரு பிள்ளைகள். மூத்தவனுக்கு ஆறு வயது, இளையவளுக்கு இரண்டு. பக்கத்துத் தெருவில் இரண்டு வீடுகளில் பிள்ளைகளுக்கு அம்மை வார்த்திருக்கிறது. விழுப்புரத்தில் குழந்தை மருத்துவரைக் கேட்டபோது, இதற்கு ஊசி இருக்கிறது, இரண்டு தவணை போடவேண்டும் என்றார். விலையைக் கேட்டுத் திகைத்துப் போனேன். அரசு செவிலியரோ அந்த ஊசி தங்கள் பட்டியலில் இல்லை என்கிறார். ‘அம்மை வந்தால் ஒரு வாரத்தில் இறங்கிவிடும், அதற்குப் போய் ஊசி எதற்கு?’ என்கிறார் என் மாமியார். கருக்கலைப்புச் செய்யப்பட்ட சிசுவின் உயிரணுவிலிருந்து செய்த ஊசி அது, கத்தோலிக்கர் போட்டுக்கொள்ளலாகாது என்று கைப்பேசியில் வந்த செய்தியைக் காட்டுகிறார் என் கணவர். அடுத்த மாதம் என் நாத்தனார் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். அவளுக்குச் சிறுவயதில் அம்மை வந்ததாக யாருக்கும் நினைவில்லை. நான் என்ன செய்யவேண்டும்?”

சகோதரியின் மடலில் ஐந்து கேள்விகள் அடங்கியுள்ளன. நோய் சிறியதா பெரியதா? ஊசி பயன்தருமா? மனச்சான்று இடம் கொடுக்குமா? பணம் இல்லாதவர் என்ன செய்வது? கருவுற்ற பெண் இருக்கும் வீட்டில் நடந்துகொள்ளும் முறை யாது? இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

எந்த அம்மை?

நம் மக்கள் ‘அம்மை’ என்னும் ஒரே பெயரால் பல நோய்களை அழைத்து வந்துள்ளனர். அவற்றுள் கொடியது பெரியம்மை. ஊர் ஊராக உயிர்களை வாரிக்கொண்டு, பிழைத்தோர் பலரின் கண்ணொளியையும் கவர்ந்து சென்ற நோய் அது. இங்கிலாந்தில் ஜென்னர் 1796-இல் கண்ட தடுப்பு முறை 1802-இல் இந்தியாவை வந்தடைந்தது. சென்னை கிண்டியில் 1899-இல் அம்மைப்பால் தயாரிக்கும் நிலையமாகத் தொடங்கப்பட்டதே இன்றைய கிங் நிலையம். ஊர்தோறும் அம்மை குத்துவோர் சென்று வந்தனர். இந்திய மண்ணில் தோன்றிய கடைசிப் பெரியம்மை நோயாளி 1975 மே மாதத்தில் பீகாரில் காணப்பட்டார். 1980 மே 8 அன்று உலகிலிருந்தே அந்நோய் ஒழிந்ததாக உலக சுகாதார மன்றம் அறிவித்தது. நம் வீட்டுப் பெரியவர்களின் கையில் காணும் வட்டத் தழும்பு பெரும்பாலும் அந்தப் போராட்டத்தின் அடையாளமாகும்.

இரண்டாவது, தட்டம்மை. உடம்பெங்கும் செம்மணல் தூவியதுபோல் தடிக்கும். மணல்வாரி என்றும் கூறுவர். இதற்கு அரசே இலவசமாக ஊசி போடுகின்றது.

மூன்றாவது, நாம் இப்போது பேசும் சின்னம்மை. காய்ச்சலோடு தொடங்கி, மார்பிலும் முதுகிலும் நீர்க்கொப்புளங்கள் எழும்பும். ஒரே வேளையில் சில இடங்களில் புதுக் கொப்புளமும், சில இடங்களில் பழுத்ததும், சில இடங்களில் பொருக்குத் தட்டியதும் காணப்படுவது இதன் அடையாளம்.

இம்மூன்றும் வேறு வேறு வைரஸ் கிருமிகளால் வருவன. பெரியவர்கள் கையில் உள்ள தழும்பு சின்னம்மையைத் தடுக்காது. குழந்தைக்கு ஒன்பதாம் மாதத்தில் போட்ட தட்டம்மை–ரூபெல்லா ஊசியும் தடுக்காது. “அம்மை ஊசி ஏற்கெனவே போட்டாயிற்று” என்று எண்ணியிருக்கும் தாய்மார் இதனை மனத்தில் கொள்ளவேண்டும்.

யாருக்குச் சிறிது, யாருக்குப் பெரிது?

சின்னம்மை ஒரு வாரத்தில் இறங்கிவிடும் என்று மாமியார் கூறுவது பொய்யன்று. உடல்நலமுள்ள ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர்க்கு அது காய்ச்சலும் அரிப்பும் தழும்புமாக வந்து போய்விடும். ஒருமுறை வந்தவர்க்கு மறுமுறை வருவது அரிது.

ஆனால் ‘பெரும்பாலோர்’ என்ற சொல்லுக்குள் எல்லோரும் அடங்கிவிடுவதில்லை. கொப்புளத்தைச் சொறிவதால் வேறு கிருமிகள் புகுந்து சீழ் பிடிப்பதும், அது இரத்தத்தில் கலப்பதும் உண்டு. சிலருக்கு நுரையீரல் அழற்சியும், அரிதாக மூளை அழற்சியும் வரும். தடுப்பூசி வருவதற்கு முன் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லட்சம் பேர்க்குச் சின்னம்மை வந்தது. பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 100 முதல் 150 பேர் வரை இறந்தனர். நோயுற்றோர் தொகையோடு ஒப்பிட்டால் இறந்தோர் தொகை சிறிதுதான். ஆயினும் மருத்துவ வசதி மிகுந்த ஒரு நாட்டிலேயே இந்த இழப்பு நேர்ந்தது என்பதை மறத்தலாகாது.

வயது ஏற ஏறச் சின்னம்மையின் கடுமையும் ஏறும். இருபது, முப்பது வயதில் முதன்முறையாக அது வருமானால் நுரையீரலைத் தாக்கும் ஆபத்து மிகுதி. குளிர்நாடுகளில் ஏறத்தாழ எல்லோரும் சிறுவயதிலேயே இந்நோயைக் கடந்துவிடுவர். நம்முடையதுபோன்ற வெப்பநாடுகளிலோ அது வராமலே வளர்ந்து பெரியவராவோர் பலர். படிப்புக்காக விடுதியில் சேரும் பெண்ணும், வேலைக்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ சென்று பத்துப் பேரோடு ஓர் அறையில் தங்கும் இளைஞனும் அங்கே முதன்முறையாக அம்மையில் விழுவது இதனால்தான்.

எல்லோரினும் அஞ்சவேண்டியவர் மூவர். முதலாமவர், முன்பு அம்மை வராத கருவுற்ற தாய். அவருக்கு நுரையீரல் அழற்சி கடுமையாக வரக்கூடும். கருவின் முதல் இருபது வாரங்களில் நோய் கண்டால், நூற்றில் ஒருவர் இருவர் என்ற அளவில், குழந்தையின் கைகால், கண், மூளை ஆகியவை ஊனமுறலாம். இரண்டாமவர், பச்சிளங்குழந்தை. பேறுகாலத்துக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து இரண்டு நாள் பின்புவரை தாய்க்குக் கொப்புளம் எழும்புமானால், தாயிடமிருந்து எதிர்ப்பாற்றல் வந்து சேருமுன்பே கிருமி குழந்தையைச் சேர்ந்துவிடும். மருத்துவம் செய்யாமல் விட்டால் அத்தகைய குழந்தைகளில் 30 விழுக்காடு வரை இறக்கக்கூடும் என்பது மருத்துவர் கணக்கு. மூன்றாமவர், புற்றுநோய்க்கு மருந்து உண்பவர், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர் முதலிய எதிர்ப்பாற்றல் குன்றியோர்.

இதிலிருந்து விளங்குவது யாது? ஆறு வயதுச் சிறுவனுக்கு ஒரு வாரத் துன்பமாக இருக்கும் நோய், அதே கூரையின்கீழ் வாழும் இன்னொருவர்க்கு உயிர்த் துன்பமாகலாம். மேலும், கொப்புளம் தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்பே கிருமி பரவத் தொடங்கிவிடும். ஒரு வீட்டில் ஒருவர்க்கு வந்தால், எதிர்ப்பாற்றல் இல்லாத மற்றவர்களில் பத்தில் ஒன்பது பேர்க்குத் தொற்றும். கொப்புளத்தைக் கண்டபின் ஒதுக்கி வைப்பது நல்லதே. ஆயினும் அதற்குள் பாதி காரியம் முடிந்திருக்கும். ஆகவே, ‘என் பிள்ளை தாங்குவானா?’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘என் பிள்ளை வழியாக யாருக்கு என்ன நேரும்?’ என்றும் கேட்டுப் பார்க்கவேண்டும்.

ஊசி பிறந்த வரலாறு

இந்த ஊசியைக் கண்டவர் ஜப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தக்காஹாஷி. 1964-இல் அவர் ஆராய்ச்சிக்காக அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் குடும்பத்தோடு தங்கியிருந்தபோது, அவருடைய மூன்று வயது மகனுக்குச் சின்னம்மை கடுமையாக வந்தது. கொப்புளம் உடலெங்கும் பரவிக் காய்ச்சல் ஏறி மூச்சுத் திணறிய பிள்ளையின் அருகில் தந்தையும் தாயும் இரவெல்லாம் விழித்திருந்தனர். பிள்ளை பிழைத்தான். தாம் கற்ற கிருமியியலை இந்நோயைத் தடுப்பதற்குப் பயன்படுத்துவதென அத்தந்தை முடிவு செய்தார்.

ஜப்பான் திரும்பிய அவர், ஓக்கா என்னும் குடும்பப்பெயர் கொண்ட ஒரு சிறுவனின் கொப்புளத்திலிருந்து கிருமியை எடுத்து, ஆய்வகத்தில் மனித உயிரணுக்களிலும் கினிப்பன்றியின் உயிரணுக்களிலும் மாறிமாறி வளர்த்து வலுவிழக்கச் செய்தார். 1974-இல் அதன் பயனை உலகுக்கு வெளியிட்டார். இன்றும் அக்கிருமி வகைக்கு ஓக்கா என்றே பெயர். அமெரிக்கா 1995-இல் இவ்வூசிக்கு உரிமம் அளித்தது. ஒரு தவணை போதாதெனக் கண்டு 2006-இல் இரண்டாம் தவணையையும் சேர்த்தது. அந்நாட்டில் சின்னம்மையும், அதனால் மருத்துவமனை சேர்வோரும், இறப்போரும் 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டனர்.

ஊசியின் பயனும் அளவும்

இவ்வூசியில் இருப்பது வலுவிழந்த உயிர்க்கிருமி. ஒரு தவணை போட்ட குழந்தைகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர்க்கு நோய் வராது. இரண்டு தவணை போட்டால் இக்காப்பு இன்னும் உயரும். ஊசி போட்டும் நோய் வருவோர் உண்டு. ஆனால் அவர்களுக்கு வருவது பெரும்பாலும் சில கொப்புளங்களோடு நின்றுவிடும். கடுமையான நோயைத் தடுப்பதிலேதான் ஊசியின் பெருவலிமை இருக்கின்றது.

இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் முதல் தவணையைப் பதினைந்தாம் மாதத்திலும் அடுத்ததை மூன்று மாதத்துக்குப் பின்னும் போடப் பரிந்துரைக்கின்றது. அவ்வயதைத் தாண்டிய குழந்தைகளும் போட்டுக்கொள்ளலாம். பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டோர், முன்பு நோய் வராதவராயின், நான்கு முதல் எட்டு வார இடைவெளியில் இரு தவணை பெறலாம். ஊசி போட்ட இடத்தில் வலி, சிறு காய்ச்சல், நூற்றில் சிலருக்குச் சில கொப்புளங்கள் என்பனவே பொதுவாகக் காணும் பின்விளைவுகள்.

போடக்கூடாதவரும் உளர். கருவுற்ற பெண்ணுக்கு இவ்வூசி ஆகாது. போட்டபின் ஒரு மாதமேனும் கருத்தரிப்பைத் தள்ளிவைக்கவேண்டும். எதிர்ப்பாற்றல் மிகக் குன்றியோர்க்கும், ஊசியில் கலந்துள்ள பொருள்களுக்குக் கடும் ஒவ்வாமை உள்ளோர்க்கும் ஆகாது. இவர்கள் தாங்களே ஊசியால் காப்புப் பெற இயலாதவர்கள். சுற்றியிருப்போர் போட்டுக்கொள்வதே இவர்களுக்குக் காப்பு.

மனச்சான்றின் கேள்வி

கணவர் எழுப்பிய கேள்வியைப் புறக்கணிப்பது முறையன்று. கருவில் உள்ள உயிரை மதிக்கும் மனமே அதைக் கேட்கத் தூண்டியது. உண்மை இதுதான்: சின்னம்மை ஊசிக்கான கிருமியை வளர்க்க டபிள்யூ.ஐ.–38, எம்.ஆர்.சி.–5 என்னும் உயிரணு வரிசைகள் பயன்படுகின்றன. 1960-களில் கருக்கலைப்புச் செய்யப்பட்ட இரு சிசுக்களின் நுரையீரல் திசுவிலிருந்து அவை தொடங்கின. அக்கலைப்புகள் தடுப்பூசிக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அன்று எடுத்த உயிரணுக்களே ஆய்வகத்தில் பெருகி வருகின்றன; ஊசி தயாரிக்கப் புதிதாக எந்தச் சிசுவும் அழிக்கப்படுவதில்லை. கைப்பேசிச் செய்தி இப்பின்பகுதியைச் சொல்லாமல் விட்டுவிட்டது.

இதைப் பற்றித் திருச்சபை மௌனமாக இருக்கவில்லை. உயிர் காப்புக்கான திருப்பீடக் கழகம் 2005-இல் வெளியிட்ட ஆய்வுரையில், கருக்கலைப்பு தீமை என்பதை ஐயத்துக்கிடமின்றிக் கூறியது. வேறு வழியில் செய்த ஊசி இருப்பின் அதை நாடவும், இல்லையெனில் அத்தகைய ஊசியைத் தயாரிக்கும்படி மருத்துவ உலகை வற்புறுத்தவும் கேட்டுக்கொண்டது. மாற்று ஊசி இல்லாதபோது, குழந்தைகளையும் கருவுற்ற தாய்மாரையும் ஆபத்திலிருந்து காக்க இருப்பதைப் பயன்படுத்தலாம் என்றும் விளக்கியது. அதே கழகம் 2017-இல் வெளியிட்ட குறிப்பில் இன்னும் தெளிவாக, மருத்துவர் பரிந்துரைக்கும் தடுப்பூசிகளை மனச்சான்றின் அமைதியோடு பயன்படுத்தலாம், அது கருக்கலைப்புக்கு உடந்தையாகாது என்று கூறியது. கொரோனா ஊசியைக் குறித்து 2020 டிசம்பர் 21 அன்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் தந்த விளக்கமும் இவ்வழியிலேயே அமைந்தது. தடுப்பூசி பெறுவது அவரவர் விருப்பத்தின்பாற்பட்டது என்றும், அவ்விருப்பத்தில் பொதுநலமும் பலவீனரின் பாதுகாப்பும் எண்ணப்பட வேண்டும் என்றும் அவ்விளக்கம் நினைவூட்டியது.

சின்னம்மைக்கு இவ்வுயிரணுக்களைச் சாராத வேறு ஊசி நம் நாட்டுப் பெற்றோர்க்குக் கிட்டும் நிலையில் இல்லை. ஆகவே இதைப் பிள்ளைகளுக்குப் போடும் கத்தோலிக்கப் பெற்றோர் பாவம் செய்தவர் ஆகார். கருவில் உள்ள உயிரைக் காக்கவேண்டும் என்று கேள்வி எழுப்பிய கணவர், தம் தங்கையின் கருவில் உள்ள உயிரையும் அதே தராசில் வைத்துப் பார்ப்பாராக.

அரசு ஏன் கொடுக்கவில்லை? பணம் இல்லாதவர் என் செய்வது?

நம் நாட்டின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் சின்னம்மை ஊசி இதுவரை சேர்க்கப்படவில்லை. இதைவிடக் கொடிய நோய்களுக்கு முதலிடம் தருவது முதற்காரணம். மற்றொரு காரணமும் உண்டு. ஊரில் பாதிப்பேர் மட்டும் ஊசி போட்டால், கிருமி சுற்றுவது மெதுவாகும்; போடாத பிள்ளைகள் சிறுவயதில் தப்பி, வளர்ந்தபின் கடுமையாக நோயுறக்கூடும். எனவேதான் நாடு தழுவிய திட்டமாகத் தொடங்கும் அரசு 80 விழுக்காட்டுக் குழந்தைகளையேனும் தொடர்ந்து எட்டக்கூடியதாக இருக்கவேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2014-இல் கூறியது. செல்வ நாடான பிரிட்டன்கூட நெடுங்காலம் தயங்கி, 2026 ஜனவரி முதல் குழந்தைகளுக்குச் சேர்ப்பதென 2025-இல்தான் முடிவு செய்தது. அரசு கொடுக்காமையால் ஊசி வீணானது என்றோ, மருத்துவர் பரிந்துரைப்பதால் விடுவது குற்றம் என்றோ எண்ணவேண்டா.

தனியார் மருத்துவமனையில் ஒரு தவணைக்கே இரண்டாயிரம் ரூபாயை ஒட்டியும் அதற்கு மேலும் ஆகின்றது. இரு பிள்ளைகளுக்கு நான்கு தவணை. கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு இது பல நாள் உழைப்பு. ஆதலால் வரிசை ஒன்று வகுத்துக்கொள்வது நலம்.

முதலில், அரசு இலவசமாகத் தரும் ஊசிகளில் ஒன்றையும் விடாதீர்கள். தட்டம்மை–ரூபெல்லா, போலியோ, தொண்டை அடைப்பான், கக்குவான், இரண ஜன்னி ஆகியவற்றுக்கான ஊசிகளை விட்டுவிட்டுச் சின்னம்மைக்குக் கடன் வாங்குவது அறிவுடைமை ஆகாது. அடுத்து, வசதியுள்ளோர் இரு தவணையும் போடுங்கள். வசதி குறைந்தோர், வீட்டில் கருவுற்ற பெண்ணோ, புற்றுநோய்க்கு மருத்துவம் பெறுபவரோ இருப்பின், அவ்வீட்டுப் பிள்ளைகளுக்குப் போடுவதை முதன்மையாகக் கொள்ளுங்கள். மூன்றாவது, விடுதிக்கோ, செவிலியர் பயிற்சிக்கோ, துறவறப் பயிற்சி இல்லத்துக்கோ செல்லும் வளர்ந்த பிள்ளைகளுக்கும், மணமாக இருக்கும் பெண்களுக்கும் சிறுவயதில் அம்மை வந்ததா என்று கேட்டறியுங்கள். வராதவர்க்கு ஊசி போடுவது திருமணச் சீரில் ஒன்றாகவே எண்ணத்தக்கது.

பங்குகளில் இயங்கும் வின்சென்ட் தே பவுல் சபையார்க்கு ஒரு வேண்டுகோள். புற்றுநோயுற்ற குழந்தை உள்ள ஏழை வீட்டில் அதன் உடன்பிறந்தார்க்கு இவ்வூசிக்கான செலவை ஏற்பது, அரிசி கொடுப்பதற்கு ஒப்பான அறச்செயலாகும்.

அம்மை வந்த வீட்டில்

வேப்பிலை செருகிய வாசலைக் கண்டால் பிறர் உள்ளே வரமாட்டார்கள். இளநீர், மோர், கூழ் என்று குளிர்ச்சியான உணவு தருவார்கள். நோயாளியைத் தனியே கிடத்துவார்கள். நம் முன்னோர் கைக்கொண்ட இவ்வழக்கங்களில் நல்ல பயன் இருக்கின்றது. அவற்றைக் கேலி செய்வதோ, அவற்றோடு சேர்ந்த பிற சமயத்தாரின் நம்பிக்கையை இழித்துரைப்பதோ நம் வேலையன்று. ஜனவரி 20-இல் வரும் செபஸ்தியார் திருநாளில் கொள்ளைநோய் அணுகாதிருக்க மன்றாடுவது நம் மரபு. மன்றாட்டும் மருந்தும் ஒன்றற்கொன்று பகையல்ல.

எனினும் சிலவற்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். அம்மைக்கு மருந்தே கொடுக்கலாகாது என்பது தவறு. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் கொடுக்கலாம். ஆஸ்பிரின் கலந்த மாத்திரை எதையும் குழந்தைக்குக் கொடுத்தலாகாது. மூளையையும் ஈரலையும் தாக்கும் ஆபத்து அதில் உண்டு. மருத்துவரைக் கேளாமல் வேறு வலிமாத்திரைகளும் வேண்டா. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரை குளிக்கவே கூடாதென்பதில்லை. இளஞ்சூட்டு நீரில் மெல்லக் குளிப்பாட்டி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்தால் சீழ் பிடிப்பது குறையும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

பெரியவர்க்கும், வளர்ந்த பிள்ளைகளுக்கும் கொப்புளம் தோன்றிய முதல் நாளிலேயே அசைக்ளோவிர் என்னும் மருந்தைத் தொடங்கினால் நோயின் கடுமை தணியும். ‘மூன்றாம் தண்ணீர் ஊற்றியபின் பார்க்கலாம்’ என்று காத்திருந்தால் அப்பயன் கிட்டாது. மூச்சுத் திணறல், ஓயாத வாந்தி, தள்ளாட்டம், மயக்கம், கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து வீங்குதல், நான்கு நாளுக்கு மேல் தணியாத காய்ச்சல் ஆகிய இவற்றுள் ஒன்று கண்டாலும் காலந்தாழ்த்தாமல் மருத்துவமனை செல்லவேண்டும். விழுப்புரம் வட்டாரத்தார்க்கு முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கின்றது.

எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை பிள்ளையைப் பள்ளிக்கும், மறைக்கல்விக்கும், கோடை விடுமுறையில் நடக்கும் புதுநன்மை வகுப்புக்கும், ஞாயிறு திருப்பலிக்கும் அனுப்பாதீர்கள். நோயுற்றோர் திருப்பலிக்கு வராதது குற்றமன்று. வரிசையில் முன்னே நிற்கும் பெண் கருவுற்றவளா என்பது உங்கள் பிள்ளைக்குத் தெரியாது.

மண்டகப்பட்டுச் சகோதரிக்கு

உங்களுக்கு நேரிய விடை இதுவே. இயலுமாயின் இரு பிள்ளைகளுக்கும் முதல் தவணையை இந்த வாரத்திலேயே போட்டுவிடுங்கள். பக்கத்துத் தெருப் பிள்ளைகளோடு அவர்கள் விளையாடி மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள் ஆவதற்குள் போட்டால், தொற்றியிருக்கக்கூடிய நோயையும் அது தடுக்கவோ தணிக்கவோ கூடும். அடுத்த தவணைக்கு மூன்று மாத அவகாசம் உண்டு. அதற்குள் பணம் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டில் கருவுற்ற பெண் இருப்பது பிள்ளைகளுக்கு ஊசி போடத் தடையன்று. ஊசிக்குப்பின் யாருக்கேனும் கொப்புளம் தோன்றினால் மட்டும், அது ஆறும்வரை அவளிடமிருந்து விலகியிருக்கச் செய்யுங்கள்.

தொற்றிய கிருமி வெளிப்பட இருபத்தொரு நாள் வரை ஆகும். உங்கள் பிள்ளைகள் நோயாளியோடு கடைசியாகப் பழகிய நாளிலிருந்து மூன்று வாரம் கழியும்வரை நாத்தனார் வருவதைத் தள்ளிப்போடுங்கள். முடியாவிடில் வேறு உறவினர் வீட்டில் தங்கச் செய்யுங்கள். அவளைப் பேறுகாலத்துக்குப் பார்க்கும் மருத்துவரிடம் இச்செய்தியை இன்றே தெரிவிக்கச் சொல்லுங்கள். அவளுக்கு எதிர்ப்பாற்றல் இருக்கின்றதா என்பதை இரத்தப் பரிசோதனை காட்டும். அம்மை வந்தவர் அருகில் அவள் இருக்க நேர்ந்துவிட்டால், கொப்புளம் வரட்டும் என்று காத்திராமல் அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டும். எதிர்ப்பொருள் ஊசி ஒன்று உண்டு; அது எல்லா இடத்திலும் எளிதில் கிட்டாது. எனவே காலம் இங்கே பெரிது.

பணம் அறவே இயலாவிடில் மனம் உடைந்து போகாதீர்கள். பிள்ளைக்கு ஊசி போடாத தாய் தீய தாய் அல்லள். மேலே கூறிய ஒதுக்கமும் முன்னறிவிப்பும் செலவில்லாதவை. அவற்றை மட்டும் தவறாமல் செய்யுங்கள்.

மாமியாரிடம் எதிர்வாதம் செய்யவேண்டா. பேரப்பிள்ளைகளைப் பற்றி அவர் கூறியது பெரும்பாலும் சரியே. வரப்போவது அவர் பெற்ற மகள், அவள் வயிற்றில் இருப்பது இன்னும் முகம் காணாத பேரக்குழந்தை. அந்த இருவருக்காகத்தான் இந்த ஊசி என்று பொறுமையாக எடுத்துரையுங்கள். எந்தத் தாய்க்கும் அது விளங்கும்.